பெயருக்கு முன்னால் ஒட்டப்படும் சீட்டு



தோட்டங்களில் பிறந்து விளையாட்டுத்துறையில் முன்னுக்கு வந்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைச் சேர்த்து ஒரு சிறு நூல் வெளியிடுவதென்று நமது இளைஞர் பிரிவு முடிவெடுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். நல்ல முடிவு. ஆனால் சென்ற செயற்குழுக் கூட்டத்தில் அந்த நூலின் முதல் பக்கத்தைக்கூட எங்களால் தாண்ட முடியவில்லை. ஒவ்வொருவரின் குறிப்பும் "மலையகத் தமிழர்" என்ற சொல்லோடுதான் தொடங்க வேண்டும் என்றார்கள் ஒரு பகுதியினர். விளையாட்டுக்கு இனம் கிடையாது, அந்தச் சொல் நூலில் எங்குமே வரக்கூடாது என்றார்கள் மற்றப் பகுதியினர். இரண்டு மணித்தியாலம் கத்தினோம். தேத்தண்ணி ஆறிப்போனது. தலைவர் விடயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்.

இரண்டு பகுதியினரும் பிழை என்பது என் கருத்து. அன்று அதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன்னர் எல்லாத் தோட்டக் கமிட்டிகளும் இதைப் பேசிவிட்டு வர வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

ஒரு பிள்ளைக்கு நடந்தது

என் பாடசாலையில் தரம் 10இல் படிக்கும் ஒரு மாணவி மாகாண மட்டப் போட்டியில் 1500 மீற்றர் ஓடி மூன்றாம் இடம் பெற்றாள். ஒரு நிறுவனம் பரிசு பெற்ற பிள்ளைகளை அழைத்துப் பாராட்டு விழா நடத்தியது. விழா மலரும் போட்டார்கள். அதில் பன்னிரண்டு பிள்ளைகளின் குறிப்புகள் இருந்தன. பதினொரு பிள்ளைகளுக்குப் பெயர், பாடசாலை, பயிற்சியாளர், ஓடிய நேரம் அல்லது பாய்ந்த தூரம் எல்லாம் இருந்தது. எங்கள் பிள்ளைக்கு மட்டும் இப்படி இருந்தது: "தோட்டப்புற இந்தியத் தமிழ்ச் சமூகத்தைச் சேர்ந்த வறிய மாணவி." அவ்வளவுதான். பாடசாலையின் பெயர் இல்லை. அவளை விடியற்காலையில் எழுப்பி ஓடவிட்ட விளையாட்டு ஆசிரியையின் பெயர் இல்லை. நேரமும் இல்லை.

"இந்திய" என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. மேடைக்குப் பின்னால் போய்ச் சண்டை பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை மலரை வாங்கிப் பார்த்துவிட்டு, "சேர், நான் ஓடுன நேரத்தப் போடலையே?" என்றாள். அந்த ஐந்து நிமிடம் ஒன்பது விநாடிக்காக அவள் ஒரு வருடம் தோட்டப் பாதையில் ஓடியிருக்கிறாள். அது அச்சில் வரவில்லை.

கொழுந்தெடுக்கும் அவளுடைய தாயார் அன்று அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு விழாவுக்கு வந்திருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டார்: "சேர், இந்தியானு போட்டிருக்காங்களே, பின்னால புள்ளைக்கு ஏதாச்சும் பிரச்சினை வருமா?"

தோழர்களே, நமது கூட்டத்தில் இரண்டு மணித்தியாலம் பேசியும் வராத இரண்டு கேள்விகள் இவை. மகளின் கேள்வி, "நான் செய்தது எங்கே?" தாயின் கேள்வி, "இந்தச் சொல் எங்களை என்ன செய்யும்?" வாழ்க்கைக் குறிப்பு எழுத உட்காரும் எவரும் இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது

தாயின் பயத்தைப் படிப்பறிவில்லாத பயம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலிருந்து இந்த நாட்டில் நம்மை "இந்தியத் தமிழர்" என்று தனியாக எண்ணி வருகிறார்கள். கணக்கெடுப்புக்காக வைத்த சொல் கணக்கோடு நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையொப்பமிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து கப்பல். அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று பிரிந்த குடும்பம் இல்லாத லயன் எது? கடைசியாக இங்கே எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 1988இலும் 2003இலும் சட்டங்கள் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆகவே "இந்திய" என்ற சொல்லைத் தாள் ஒன்றில் பார்த்ததும் அந்தத் தாயின் நெஞ்சு அடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்தச் சொல் ஒரு காலத்தில் கப்பல் டிக்கெட்டாக வந்தது. மலரை அச்சடித்தவருக்கு அது தெரிந்திருக்காது. கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. ஆனால் பிள்ளையின் பெயருக்கு முன்னால் அதை ஒட்டியவர் அவரே.

"விளையாட்டுக்கு இனம் இல்லை" என்பவர்களுக்கு

அப்படியானால் இனத்தையே எழுதாமல் விட்டுவிடலாம் என்று சொல்லும் தோழர்களின் நோக்கம் நல்லது. கோட்டைக் கடக்கும் நேரத்தை அளக்கும் கடிகாரம் யாருடைய இனத்தையும் கேட்பதில்லை என்று அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் ஓட்டப்பந்தயம் கடிகாரத்தோடு முடிகிறது. வாழ்க்கைக் குறிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். இனமில்லாமல் எழுதப்படும் சலுகை யாருக்குக் கிடைக்கிறது? சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் பதக்கம் வென்றார். கிராமத்து ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர் என்று எல்லோரும் எழுதினார்கள். "சிங்கள வீராங்கனை" என்று யாரும் தொடங்கவில்லை. தொடங்கத் தேவையும் இல்லை. ஆனால் முத்தையா முரளிதரனைப் பற்றி எழுதும்போது பலருக்கும் முதல் வரியிலேயே "தமிழர்" என்று போட்டால்தான் பேனா நகர்கிறது. பெரும்பான்மையைச் சேர்ந்தவர் வெறும் இலங்கை வீரர். சிறுபான்மையைச் சேர்ந்தவர் அடைமொழியோடு கூடிய இலங்கை வீரர். இந்த ஏற்றத்தாழ்வைத்தான் முதலில் எதிர்க்க வேண்டும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஜேர்மனியின் உதைபந்தாட்ட வீரர் மெசூட் ஓசிலின் கதை நமக்கு மிகவும் நெருக்கமானது. அவருடைய பாட்டனார் துருக்கியிலிருந்து ஜேர்மனிக்குக் கூலி வேலைக்குப் போனவர். பேரன் 1988இல் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன கெல்சன்கிர்சன் நகரில் பிறந்தார், ஜேர்மனிக்காக ஆடினார், 2014இல் உலகக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். 2018இல் துருக்கி ஜனாதிபதியோடு அவர் எடுத்துக்கொண்ட படமொன்று பெரும் சர்ச்சையானது. அந்தப் படத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் அணி தோற்றதும் குறை சொல்வதோடு அது நிற்கவில்லை. தேசிய அணியிலிருந்து விலகியபோது அவர் வெளியிட்ட அறிக்கையில் இரண்டு விடயங்கள் இருந்தன. வென்றால் தன்னை ஜேர்மனியன் என்கிறார்கள், தோற்றால் வந்தேறி என்கிறார்கள் என்பது ஒன்று. இன்னொன்று அதிகம் பேசப்படாதது. தன்னோடு ஆடிய குளோசவும் பொடொல்ஸ்கியும் போலந்தில் பிறந்தவர்கள். அவர்களை யாரும் "ஜேர்மன் போலந்துக்காரர்" என்று எழுதுவதில்லை, ஜேர்மனியிலேயே பிறந்த தன்னை மட்டும் ஏன் "ஜேர்மன் துருக்கியர்" என்று எழுதுகிறார்கள் என்று அவர் கேட்டார்.

நமது நூலுக்கும் அதுவே முதல் விதியாக இருக்கட்டும். அளவுகோல் ஒன்றுதான். ஒருவருக்கு இனத்தைப் போட்டால் எல்லோருக்கும் போட வேண்டும். ஒருவருக்குத் தேவையில்லையென்றால் இன்னொருவருக்கும், அதைச் சொல்லத் தனிக் காரணம் இல்லாதவரை, தேவையில்லை.

ஆனால் தனிக் காரணம் இருக்கும் இடங்கள் உண்டு. அங்கே வாயை மூடிக்கொண்டால் அது பொய்யாகிவிடும். முரளிதரனின் வாழ்க்கையை இனத்தைத் தொடாமல் எழுதிப் பாருங்கள். 1972இல் கண்டியில் பிறந்தார். தந்தை பிஸ்கட் உற்பத்தியாளர். புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். 1992இல் முதல் டெஸ்ட் ஆடினார். 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட், ஒருநாள் போட்டிகளில் 534 விக்கெட். 2010 ஜூலையில் காலி மைதானத்தில் தன் கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். எல்லாம் சரிதான். ஆனால் அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர், பின்னாளில் திரும்பிப் போனவர், மகன் இங்கேயே தங்கித் தொழில் தொடங்கினார் என்பது இதில் எங்கே? 1977 வன்செயல் தன் குடும்பத்தையும் தாக்கியது என்று அவரே சொல்லியிருப்பது எங்கே? ஐந்து வயதுப் பிள்ளையாக அதைப் பார்த்தவர், அதே நாட்டின் சின்னத்தைச் சட்டையில் அணிந்து பதினெட்டு ஆண்டுகள் பந்து வீசினார். இதை விட்டுவிட்டு எழுதினால் அவருடைய வாழ்க்கையில் ஒரு பெரிய துண்டு காணாமல் போகிறது. 1977 நடந்ததை யாரும் நினைவுகூர வேண்டியதில்லை என்ற வசதியும் சிலருக்குக் கிடைக்கிறது.

"இனம் வேண்டாம்" என்ற தோழர்களே, நீங்கள் விட்டுவிடச் சொல்வது ஒரு சொல்லை என்று நினைக்கிறீர்கள். அதோடு சேர்ந்து போவது வரலாறு.

"முதல் வரியிலேயே போடு" என்பவர்களுக்கு

இப்போது மற்றப் பகுதித் தோழர்களிடம் வருகிறேன். நம் பெயரை மற்றவர்கள் மறைக்கிறார்கள், ஆகவே நாமே உரக்கச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தபோது அந்தப் பெயரை உரக்கச் சொன்னோம். நானும் பெருமைப்பட்டேன். ஆனால் ஒரு சமூகம் உரிமை கேட்டுத் தன் பெயரைச் சொல்வது வேறு, ஒரு தனி மனிதரின் நெற்றியில் அதை ஒட்டிவிடுவது வேறு.

ஒட்டினால் என்ன நடக்கும் என்பதையும் முரளிதரனின் கதையிலேயே பார்க்கலாம். அவருடைய வாழ்க்கையைப் படமாக எடுக்கப் போவதாக 2020இல் அறிவித்தபோது தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. நீ தமிழன், ஆகவே நாங்கள் எதிர்பார்க்கும் விதத்தில்தான் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை, ஆகவே துரோகி என்றார்கள். அவரே கேட்டுக்கொண்டு நடிகர் விஜய் சேதுபதி விலகினார். படம் வேறொரு நடிகருடன் 2023இல்தான் வெளிவந்தது. இந்தப் பக்கம் இலங்கையில் வேறொரு கூட்டம் அதே சீட்டை வேறு விதமாகப் பயன்படுத்தியது. பாருங்கள், அணியில் ஒரு தமிழர் இருக்கிறார், உங்களுக்கு இங்கே என்ன குறை என்று கேட்டது. 800 விக்கெட் எடுத்தவர் ஒருவர் இருப்பதால் எந்த லயனின் கூரைத் தகரமும் மாறவில்லை. ஆனால் ஒரு மனிதரைக் காட்டி ஒரு மக்களின் வாயை அடைக்கலாம் என்று நினைத்தார்கள்.

அவருடைய அரசியல் கருத்துகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. அவற்றை ஒரு பிரஜை சொன்ன கருத்துகளாக எடுத்து எதிர்ப்போம். "தமிழனாக இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா" என்று கேட்க மாட்டேன். அப்படிக் கேட்டால் சிங்கள வீரர் தனக்குப் பட்டதைப் பேசலாம், நம் வீரர் மட்டும் நம்மிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றாகிவிடும். தோட்டத்து நிர்வாகத்திடம் தலையாட்டியது போதும், நம் பிள்ளைகள் நம்மிடமும் தலையாட்ட வேண்டாம்.

இனம் தேவையில்லாத இடத்தில் அதைத் திணிப்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 1995 டிசம்பரில் மெல்பேர்னில் நடுவர் ஒருவர் முரளிதரனின் பந்துவீச்சை ஏழு முறை "நோ போல்" என்றார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் மீண்டும் அதே பிரச்சினை வந்தபோது தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியை மைதான எல்லைவரை அழைத்துச் சென்று விளையாட்டை நிறுத்தினார். "தமிழ் வீரருக்காக ஒரு சிங்களத் தலைவர்" என்று இதை உருகி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். தன் பந்துவீச்சாளருக்காக ஒரு தலைவர் நின்றார். ஒரு தலைவர் செய்ய வேண்டியதை அவர் செய்தார். அதில் இனத்தைப் பூசினால் ரணதுங்க தர்மம் செய்தவராகவும் முரளிதரன் தர்மம் வாங்கியவராகவும் ஆகிவிடுவார்கள். அந்தக் கதைக்குத் தேவையானது பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாத அவருடைய முழங்கை.

எந்தப் பெயர்? யார் சொல்வது?

பெயர் விடயத்திலும் நாம் நினைப்பதுபோல எல்லாம் நேராக இல்லை. நம்மில் பலர் "மலையகத் தமிழர்" என்கிறோம். சிலர் "இந்திய வம்சாவளித் தமிழர்" என்கிறார்கள். பழைய பயத்தினால் பிறப்புச் சான்றிதழில் "இலங்கைத் தமிழர்" என்று பதிந்துகொண்ட குடும்பங்கள் ஏராளம். களுத்துறை, காலி, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர் தோட்டங்களில் பிறந்த பிள்ளையைப் பார்த்து நீ மலையகம் என்றால் எந்த மலை என்று கேட்பான். வன்செயல்களுக்குப் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய நம் உறவுகளின் பிள்ளைகள் தங்களை வேறு விதமாகச் சொல்லிக்கொள்ளக்கூடும். யாருக்கு எந்தப் பெயர் என்று செயற்குழு மேசையில் தீர்மானிக்க நாம் குடிசன மதிப்பீட்டு அதிகாரிகள் அல்ல.

இதில் ஒரு வீராங்கனை வழி காட்டியிருக்கிறார். அவுஸ்திரேலியாவின் கதி ஃப்ரீமன் 1994 பொதுநலவாய விளையாட்டு விழாவில் வென்றபின் தன் பூர்வகுடி மக்களின் கொடியை ஏந்தி ஓடினார். அணி நிர்வாகத்திலிருந்து கண்டனம் வந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தங்கம் வென்றபின் தேசியக் கொடியையும் பூர்வகுடிக் கொடியையும் சேர்த்தே ஏந்தினார். அவருடைய வாழ்க்கை வரலாற்றில் அவருடைய இனத்தை எழுதாமல் விட முடியாது. ஏனென்றால் அதைக் கையில் எடுத்தவர் அவரே. யாரும் அவர்மீது ஒட்டவில்லை.

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். இது தொழிற்சங்கம். நமது உறுப்பினர்களில் சிங்களத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அவர்களும் அதே பிரட்டில் நின்று அதே நாட்கூலி வாங்குகிறார்கள். நூலின் பெயர் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றியது என்றால், ஒரு சிங்களத் தோழியின் மகன் ஈட்டி எறிந்து வென்றால் அவனுக்கு அதில் இடம் உண்டா, இல்லையா? ஒவ்வொரு பக்கமும் "மலையகத் தமிழர்" என்று தொடங்கினால் அவன் எந்தப் பக்கத்தில் வருவான்? சங்கத்துக்கு மட்டும் சந்தா வாங்கிக்கொண்டு நூலில் இடமில்லை என்று அவனுடைய தாயாரிடம் சொல்லப்போவது யார்?

நம் வீட்டுக் குப்பையையும் கொஞ்சம் கூட்டுவோம். பிள்ளை பதக்கம் வென்றால் சந்தியில் பதாகை கட்டுகிறோம். பிள்ளையின் படம் ஒரு மூலையில் இருக்கும், தலைவர்களின் முகங்கள் நடுவில் பெரிதாக இருக்கும். எல்லாச் சங்கங்களும் இதைச் செய்கின்றன, நாமும் செய்திருக்கிறோம். லயனுக்குள் வந்தால் "யாரு ஆளுக?" என்று சாதியைக் கேட்டுவிட்டுத்தான் சிலர் கை தட்டுகிறார்கள். வெளியே இனத்தின் பெருமை, உள்ளே சாதிக் கணக்கு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மலர் போட்ட நிறுவனத்தை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

சீட்டு யாரைக் காப்பாற்றுகிறது?

மீண்டும் அந்த மலரின் வரிக்கு வருவோம். "தோட்டப்புற இந்தியத் தமிழ்ச் சமூகத்தைச் சேர்ந்த வறிய மாணவி." இதைப் படிப்பவர் என்ன விளங்கிக்கொள்வார்? அந்தப் பிள்ளை வறியவள், அவளுடைய சமூகம் அப்படி, பாவம். வறுமை அவளுக்குப் பிறப்போடு வந்த மச்சம்போல ஆகிவிட்டது.

உண்மையில் நடந்தது என்ன? பாடசாலையில் ஓடுவதற்கு மைதானம் இல்லை. 100 மீற்றர் நேராக ஓட இடமில்லாத மலைச்சரிவு. மடுவத்துக்கு முன்னால் உள்ள தரையில் உடற்பயிற்சி, லொறி வராத நேரம் பார்த்துத் தோட்டப் பாதையில் ஓட்டம். ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி, அதைக் கழற்றிக் கொடுத்து அடுத்த பிள்ளை ஓடும். வலயப் போட்டிக்குப் போக வாகனம் பிடித்த பணம் ஆசிரியர்கள் போட்டது. இதில் எதுவும் இந்தியத் தமிழர் என்பதனால் இயற்கையாக முளைத்ததல்ல. மைதானத்துக்குக் காணி கொடுக்காத நிர்வாகம் இருக்கிறது. கேட்டுக் கேட்டும் நிதி ஒதுக்காத அதிகாரிகள் இருக்கிறார்கள். ஒரு நாள் சம்பளத்தில் சப்பாத்து வாங்க முடியாத கூலி இருக்கிறது. இவற்றை எழுதினால் யாராவது பதில் சொல்ல வேண்டி வரும். "வறிய, இந்திய" என்று எழுதிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தோழர்களே, என் வாதம் முழுவதும் இதுதான். இனத்தைச் சீட்டாக ஒட்டினால் அது நமக்கு நடந்தவற்றை மறைக்கிறது. அது வாழ்க்கையில் என்ன செய்தது என்று எழுதினால் நடந்தவை வெளியே வருகின்றன. பாட்டனார் ஏன் நாடற்றவரானார், வீடு ஏன் தாக்கப்பட்டது, மைதானம் ஏன் இல்லை என்ற இடங்களில் இனத்தைச் சொல்லாமல் கதை நகராது. அங்கே உரக்கச் சொல்லுவோம். அவள் எத்தனை நிமிடத்தில் ஓடினாள் என்ற இடத்தில் அதற்கு வேலை இல்லை.

செயற்குழுவுக்கு என் யோசனைகள்

1. ஒவ்வொரு குறிப்பும் பெயர், பாடசாலை, பயிற்றுவித்தவர், செய்த சாதனை ஆகியவற்றோடு தொடங்கட்டும். நேரம், தூரம், உயரம் சரிபார்த்து எழுதப்பட வேண்டும். தோட்டமும் டிவிசனும் இடம்பெற வேண்டும்.

2. இனம் அந்த வாழ்க்கையில் ஏதாவது செய்திருந்தால் அந்த இடத்தில் விளக்கத்தோடு எழுதப்பட வேண்டும். அடைமொழியாக வேண்டாம். தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் எல்லோருக்கும் அளவுகோல் ஒன்றே.

3. எந்தப் பெயரால் தன்னைச் சொல்ல வேண்டும் என்று அந்த வீரரிடமே, சிறுபிள்ளையானால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

4. "வறிய" என்ற சொல் நூலில் வரக்கூடாது. பெற்றோரின் பெயரும் அவர்கள் செய்யும் வேலையும் வரட்டும். என்ன வசதி இல்லாமலிருந்தது, அதைத் தந்திருக்க வேண்டியவர் யார் என்பதும் வரட்டும்.

5. சாதி எந்த வடிவத்திலும் வேண்டாம். தலைவர்களின் படங்களும் வேண்டாம். நூல் பிள்ளைகளுடையது.

இவற்றைச் சோதித்துப் பார்க்க நானே அந்த மாணவியின் குறிப்பைத் திரும்ப எழுதினேன். பெயர், பாடசாலை, ஆசிரியையின் பெயர், 5 நிமிடம் 9 விநாடி. தாய் கொழுந்தெடுப்பவர், தகப்பன் கவ்வாத்து வெட்டுபவர். மைதானம் இல்லாத கதை. ஓரிடத்தில், இவருடைய பாட்டி இந்த நாட்டிலேயே பிறந்தும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பிரஜையானார் என்று ஒரு வரி. அதை இருவரிடமும் வாசித்துக் காட்டி, இந்த வரி இருக்கட்டுமா என்று கேட்டேன்.

தாயார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருக்கட்டும் சேர். இதுல நாங்க என்ன தப்பு செஞ்சோம்னு இல்லையே, எங்களுக்கு என்ன செஞ்சாங்கனுதான இருக்கு" என்றார். பிள்ளை தாளை வாங்கி இன்னொரு தடவை வாசித்தாள். "சேர், 5 நிமிசம் 9 விநாடினு போட்டிருக்கீங்க, பொயின்ட் நாலு இருக்கு" என்றாள். திருத்திக்கொண்டேன்.

அடுத்த செயற்குழுவுக்கு வரும்போது உங்கள் தோட்டத்தில் விளையாட்டில் முன்னுக்கு வந்த பிள்ளைகளின் விபரங்களை இதே முறையில் எழுதிக்கொண்டு வாருங்கள். அவர்களிடம் வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள். மைதானம் இல்லாத பாடசாலைகளின் பட்டியலையும் சேர்த்து எடுத்து வாருங்கள். நூலின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பட்டியலைப் போட்டு, நிர்வாகங்களுக்கும் கல்வி அலுவலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புவோம்.